பாராட்டும் முன் பார்க்கப் பழகுங்கள்: அங்கீகாரத் திட்டத்தைப் புதிதாகத் தொடங்குவோருக்கு

எச்ஆர் பொறுப்புக்குப் புதிதாக வந்தவரிடமும், முதன்முறையாக ஒரு டீமைக் கையில் எடுத்தவரிடமும் நிர்வாகம் சீக்கிரமே ஒரு வேலையை ஒப்படைக்கும். "ஆட்கள் கொஞ்சம் சோர்ந்து போயிருக்காங்க. ஒரு ரெகக்னிஷன் புரோகிராம் மாதிரி ஏதாவது ஆரம்பிங்களேன்." உடனே நம் கை போவது கேடயம் செய்து தருபவர்களின் விலைப்பட்டியலுக்கோ, புள்ளி சேர்த்துப் பரிசு வாங்கும் ஆப்புக்கோதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அது தவறான முனை என்று புரிய எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. அந்த ஒன்றரை வருடத்தை நீங்களாவது மிச்சப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் முதலில் நடத்தியது 'மாதத்தின் சிறந்த ஊழியர்' திட்டம். வரவேற்பறைச் சுவரில் படம், ஒரு சான்றிதழ், மாதக் கூட்டத்தில் கைத்தட்டல். முதல் 3 மாதம் நன்றாகவே போனது. நான்காவது மாதம் "அவருக்கு ஏன்?" என்ற பேச்சு எழுந்தது. ஆறாவது மாதத்திலிருந்து மேனேஜர்கள் தங்களுக்குள் பேசிவைத்து முறை போட்டுப் பெயர் கொடுக்கத் தொடங்கினார்கள். இந்த மாதம் விற்பனைப் பிரிவு, அடுத்த மாதம் கணக்குப் பிரிவு என்று.

அந்தச் சமயத்தில் ஸ்டோரில் 11 வருடம் இருந்த ஓர் அம்மா வேலையை விட்டார். கடைசி நாள் அவரை உட்காரவைத்து வழக்கமான படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். போகிற காரணம் என்ற கட்டத்துக்கு வந்தபோது அவர் சொன்னார்: "மாசக் கடைசியில சரக்கு இருப்பும் கம்ப்யூட்டர் கணக்கும் ஒத்துவர்றதுக்கு ரெண்டு நாள் ராத்திரி வரைக்கும் உட்காருவேன் சார். பதினோரு வருஷத்துல ஒருத்தர்கூட 'இது எப்படிம்மா சரியா வருது'ன்னு கேட்டதில்ல."

அவர் கேட்டது கேடயம் இல்லை, படம் இல்லை. ஒரு கேள்வி. அன்றிலிருந்து எனக்குப் பிடிபட்டது இதுதான்: அங்கீகாரம் முதலில் கண்ணின் வேலை. வாய்க்கும் கைக்கும் அதன் பிறகுதான் வேலை. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை.

ஈடுபாடு என்றால் என்ன என்று தெளிவாகிக்கொள்ளுங்கள்

ஊழியர் ஈடுபாடு என்ற சொல்லை எல்லோரும் வீசுகிறார்கள். ஆள் சிரித்துக்கொண்டிருந்தால் ஈடுபாடு, வருடாந்திர விழாவில் ஆடினால் ஈடுபாடு என்று ஆகிவிட்டது. இந்தக் கருத்தை ஆய்வுலகில் முதலில் வடிவாக எழுதியவர் வில்லியம் கான். ஒரு கோடைக்கால முகாமின் வழிகாட்டிகளையும், ஒரு கட்டிட வடிவமைப்பு நிறுவனத்தின் ஆட்களையும் அருகில் இருந்து கவனித்து 1990ல் எழுதினார். ஒருவர் தன் மனதையும் உழைப்பையும் வேலையில் முழுதாக இறக்குவதற்கு முன் தன்னை அறியாமலேயே 3 கேள்விகள் கேட்டுக்கொள்கிறார் என்பது அவர் கண்டது. இதில் இறங்குவதற்கு அர்த்தம் இருக்கிறதா? இறங்கினால் எனக்குக் கேடு வராமல் இருக்குமா? இறங்குவதற்கு என்னிடம் தெம்பு இருக்கிறதா?

பாராட்டு நேரடியாகப் பதில் சொல்வது முதல் கேள்விக்கு. இரண்டாவதற்குக் கொஞ்சம் உதவும். மூன்றாவதற்கு அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆள் போதாமல் இரண்டு பேர் வேலையை ஒருவர் இழுத்துக்கொண்டிருக்கும் இடத்தில் "நீங்கள்தான் எங்கள் தூண்" என்று சான்றிதழ் கொடுத்தால் அது புண்ணில் படும்.

படி 1: அடித்தளத்தைப் பாருங்கள்

உளவியலாளர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க்கும் அவர் குழுவும் சுமார் 200 இன்ஜினியர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு 1959ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வேலையில் நிறைவு தருபவை வேறு, வெறுப்பு தருபவை வேறு என்றார்கள். சாதித்த உணர்வு, அங்கீகாரம், வேலையின் தன்மை, பொறுப்பு ஆகியவை நிறைவின் பக்கம் நின்றன. சம்பளம், நிறுவன விதிகள், மேற்பார்வை, வேலைச்சூழல் ஆகியவை கெட்டுப்போனால் வெறுப்பைக் கிளப்பின. இந்தப் பிரிவினை மீது பின்னாளில் விமர்சனங்கள் வந்தன. ஆனாலும் புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிடப் பயனுள்ள எச்சரிக்கை இல்லை.

அதனால் திட்டத்தை அறிவிக்கும் முன் மூன்றைச் சரிபாருங்கள். சம்பளம் தேதி தவறாமல் வருகிறதா, ஓவர்டைம் பாக்கி ஏதும் நிற்கிறதா, சொன்ன இன்கிரிமென்ட் கொடுக்கப்பட்டதா. இதில் ஒன்று நொண்டினாலும் நிர்வாகத்திடம் போய், இதை முதலில் முடிப்போம் என்று சொல்லுங்கள். சொல்வது கடினம்தான். ஆனால் பாக்கி வைத்திருக்கும் கையால் பூங்கொத்து நீட்டினால் வாங்குபவர் கண் பாக்கியின் மேல்தான் இருக்கும்.

படி 2: இரண்டு வாரம் கேளுங்கள்

ஆன்லைன் படிவம் அனுப்ப வேண்டாம், குறைந்தபட்சம் இப்போதைக்கு. ஒவ்வொரு பிரிவிலிருந்தும், ஒவ்வொரு ஷிஃப்டிலிருந்தும் இரண்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பேசுங்கள். நான் கேட்கும் கேள்விகள் இவை:

கடைசியாக உங்கள் வேலையை ஒருவர் குறிப்பிட்டுப் பாராட்டியது எப்போது? அவர் என்ன சொன்னார்?

நீங்கள் செய்கிற வேலையில் யார் கண்ணிலும் படாத பகுதி எது?

எல்லோர் முன்னாலும் பாராட்டினால் உங்களுக்கு எப்படி இருக்கும்? தனியாகச் சொன்னால்?

உங்கள் டீமில் யார் செய்வது வெளியே தெரியாமல் போகிறது?

முதல் கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். கருத்துக்கணிப்புகள் நடத்தும் காலப் (Gallup) நிறுவனம் உலகெங்கும் பயன்படுத்தும் 12 கேள்வித் தொகுப்பில் ஒன்று, கடந்த 7 நாளில் நல்ல வேலைக்காகப் பாராட்டோ அங்கீகாரமோ கிடைத்ததா என்று கேட்கிறது. 7 நாள் என்ற அளவை நினைவில் வையுங்கள். நாம் பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு விழா என்று யோசிக்கிறோம். மனிதருக்குத் தேவைப்படும் இடைவெளி அதைவிட எவ்வளவோ குறுகியது.

நான்காவது கேள்விதான் உங்களுக்குப் புதையல். தன்னைப் பற்றிச் சொல்லக் கூச்சப்படுகிறவரும் பக்கத்து ஆளைப் பற்றித் தாராளமாகச் சொல்வார். குடத்துக்குள் இட்ட விளக்காக எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அந்தப் பதில்களில்தான் தெரியவரும்.

படி 3: எதைப் பாராட்டப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்

திட்டங்கள் அதிகமாகக் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1975ல் ஸ்டீவன் கெர் என்ற மேலாண்மை அறிஞர் எழுதிய கட்டுரை ஒன்று இன்றும் அந்தத் துறையில் பேசப்படுகிறது. ஒன்றுக்குப் பரிசு கொடுத்துவிட்டு வேறொன்று நடக்கும் என்று நிறுவனங்கள் எதிர்பார்க்கின்றன என்பது அதன் சாரம். டீமாக வேலை செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, தனி ஆளின் விற்பனை எண்ணிக்கைக்கு மட்டும் பரிசு கொடுப்போம். தரம் முக்கியம் என்போம், வேகமாக முடித்தவருக்குக் கைதட்டுவோம். ஊழியர்கள் நம் பேச்சைக் கேட்பதில்லை. நாம் யாருக்குக் கைதட்டுகிறோம் என்று பார்க்கிறார்கள்.

இன்னொரு பாடம் ஒரு சலவைத் தொழிற்சாலையிலிருந்து வந்தது. ஒரே நிறுவனத்தின் 5 ஆலைகளில் ஒன்றில் மட்டும், மாதம் முழுக்கத் தாமதமில்லாமல், விடுப்பில்லாமல் வந்தவர்களுக்கு விருது வைத்தார்கள். 2016ல் வெளியான அந்த ஆய்வின்படி, ஆட்கள் விருதுக்குத் தகுதியாக இருந்த வரைக்கும் நேரத்துக்கு வந்தார்கள். ஒருமுறை தவறிப்போய்த் தகுதி இழந்ததும் அந்தக் கவனம் தளர்ந்தது. அதைவிடப் பெரிய இழப்பு, விருதே இல்லாத காலத்திலும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர்களிடம் நேர்ந்தது. அவர்களுடைய வேலைத் திறன் குறைந்தது. ஆலையின் உற்பத்தித்திறன் மொத்தத்தில் 1.4 சதவீதம் இறங்கியது. தன் கடமையாக நினைத்து ஒன்றைச் செய்துகொண்டிருந்தவருக்கு, அது விருதுக்காகச் செய்யும் காரியம் என்று நாமே சொல்லிக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

இதே சாயல் பள்ளி மாணவர்களிடமும் தெரிந்தது. 2021ல் வெளியான ஆய்வு ஒன்றில், கலிஃபோர்னியாவில் 15,000க்கும் மேற்பட்ட மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு, ஒரு மாதம் விடுப்பே எடுக்காமல் வந்ததற்குப் பிறகு சான்றிதழ் தந்தார்கள். அடுத்த மாதம் அவர்கள் எடுத்த விடுப்பு கூடியது. மற்றவர்களைவிட நாம் அதிகமாகவே வந்திருக்கிறோம் போலிருக்கிறது என்று அந்தச் சான்றிதழ் அவர்களுக்குச் சொல்லியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

ஆகவே வருகைக்கும் நேரந்தவறாமைக்கும் விருது வைக்காதீர்கள். இது என் திடமான கருத்து.

வேறு எதற்கு வைப்பது? நிர்வாகம் சுவரில் மாட்டியிருக்கும் கொள்கை வாசகங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் கண்ணால் காணக்கூடிய செயலாக மாற்றுங்கள். 'ஒத்துழைப்பு' என்று எழுதினால் ஒருவரும் எதையும் அடையாளம் காண முடியாது. 'தன் வேலை முடிந்த பிறகு மற்றொருவரின் சிக்கலில் கைகொடுத்தார்' என்று எழுதினால் நாளைக்கே 3 பேர் ஞாபகத்துக்கு வருவார்கள். 'தரம்' என்பதை 'தவறு வெளியே போகும் முன் கண்டுபிடித்துச் சொன்னார், அது தன் தவறாக இருந்தாலும்' என்று மாற்றுங்கள். மூன்று அல்லது நான்கு செயல்கள் போதும். அவற்றில் ஒன்றாவது, நன்றாகச் செய்தால் யாருக்குமே தெரியாத வகையான வேலையைப் பிடிக்கும்படி இருக்கட்டும். சர்வர் விழாமல் இருப்பது, சம்பளப் பட்டியலில் பிழை வராமல் இருப்பது, விபத்து நடக்காமல் இருப்பது. நடக்காமல் போனவற்றுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார்.

ஒன்றை மட்டும் பட்டியலில் சேர்க்காதீர்கள். நள்ளிரவு வரை உட்கார்ந்து முடித்தார், விடுமுறையிலும் வந்தார் என்பதைப் பாராட்டினால் திட்டமிடலில் நாம் விட்ட ஓட்டையைப் பாராட்டுகிறோம் என்று பொருள். அப்படி ஒருவர் உழைத்திருந்தால் நன்றி சொல்லுங்கள், ஈடாக ஓய்வு கொடுங்கள், மறுபடி அந்த நிலை வராமல் பாருங்கள். மேடையில் ஏற்றி மற்றவர்களுக்கு முன்மாதிரி ஆக்க வேண்டாம்.

படி 4: பாராட்டுவது எப்படி என்று சொல்லிக் கொடுங்கள்

பராமரிப்புப் பிரிவு சூப்பர்வைசர் ஒருவரோடு உட்கார்ந்து ஒரு பாராட்டுக் குறிப்பு எழுதியது நினைவிருக்கிறது. அவர் முதலில் எழுதியது இது: "மிகச் சிறந்த பணி. அர்ப்பணிப்புள்ள ஊழியர். தொடர்ந்து இவ்வாறே செயல்பட வாழ்த்துகள்."

பெயரை மாற்றினால் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். நான் கேட்டேன், "அவர் என்ன செஞ்சார்?"

"மெஷின் நின்னுடாம பார்த்துக்கிட்டார் சார்."

"எப்போ?"

"செவ்வாய்க்கிழமை நைட் ஷிஃப்ட்ல."

"நிக்கப் போகுதுன்னு அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "சத்தம் மாறிச்சுன்னு சொன்னார். பேரிங் போகப் போகுதுன்னு கண்டுபிடிச்சு, இடைவேளை நேரத்துலயே நிறுத்தி மாத்திட்டார்."

"மாத்தாம விட்டிருந்தா?"

"ஷாஃப்டும் சேர்ந்து போயிருக்கும். காலைல லைனே நின்னிருக்கும் சார்."

கடைசியில் அந்தக் குறிப்பு இப்படி ஆனது: "செவ்வாய் இரவு மூன்றாம் மெஷினின் சத்தம் மாறியதைக் கவனித்து, இடைவேளையிலேயே நிறுத்தி பேரிங்கை மாற்றினீர்கள். யாரும் உங்களிடம் அதைச் செய்யச் சொல்லவில்லை. மறுநாள் காலை ஷிஃப்டில் 40 பேர் தடையில்லாமல் வேலை செய்தார்கள்."

அந்த டெக்னீஷியன் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. நான்காக மடித்து, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் உறைக்குள் வைத்துக்கொண்டார். பல மாதம் கழித்துப் பார்த்தபோதும் அது அங்கேயே இருந்தது.

அந்தக் குறிப்பில் மூன்று இருக்கின்றன. என்ன செய்தார், அது ஏன் சாதாரணம் இல்லை, அதனால் யாருக்கு என்ன ஆனது. மேனேஜர்களுக்கு நீங்கள் நடத்தும் பயிற்சியில் இந்த மூன்றைத் தவிர வேறெதுவும் வேண்டாம். ஒவ்வொருவரையும் தன் டீமில் ஓர் ஆளைப் பற்றி மூன்று வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். எழுத வரவில்லை என்றால் மொழிக் குறைவு காரணமில்லை. அவர் அந்த ஆளைக் கவனித்ததில்லை. அதை அவரே உணர்வதுதான் பயிற்சி.

சொல்லும் விதத்தில் சில விஷயங்கள். அதே வாரத்துக்குள் சொல்லுங்கள், ஆறிப்போன பிறகு சொன்னால் கோப்பிலிருந்து எடுத்த மாதிரி இருக்கும். "நல்லா பண்ணீங்க, ஆனா" என்று இழுக்காதீர்கள். அந்த 'ஆனா'வுக்கு முன் சொன்னது எதுவும் காதில் நிற்காது. குறை இருந்தால் வேறொரு நாள், வேறொரு பேச்சாகச் சொல்லுங்கள். புதிதாக ஒரு வேலையைத் தலையில் கட்டுவதற்கு முன்னுரையாகவும் பாராட்டைப் பயன்படுத்தாதீர்கள். இரண்டு முறை அப்படிச் செய்தால், மூன்றாம் முறை நீங்கள் பாராட்டத் தொடங்கியதுமே எதிரே இருப்பவர் "என்ன வேலை வரப்போகுதோ" என்று பயப்படுவார்.

வெறும் வாய்ச்சொல்லுக்கு என்ன பலம் என்று நிர்வாகம் கேட்டால் சொல்வதற்கு ஒரு ஆய்வு உண்டு. ஆடம் கிராண்ட், ஃபிரான்செஸ்கா ஜீனோ இருவரும் 2010ல் வெளியிட்டது. ஒரு பல்கலைக்கழகத்துக்காகத் தொலைபேசியில் நன்கொடை திரட்டும் ஊழியர்களில் ஒரு குழுவினரை இயக்குநர் நேரில் வந்து பார்த்து, உங்கள் உழைப்புக்கு நன்றி என்று சொன்னார். அடுத்த வாரம் அந்தக் குழு செய்த அழைப்புகள் 50 சதவீதத்துக்கும் மேல் கூடின. இயக்குநர் வராத குழுவில் மாற்றமில்லை. அவர்கள் நிலையான சம்பளக்காரர்கள், அதிகம் அழைத்தால் அதிகப் பணம் என்ற கணக்கும் அங்கே கிடையாது.

படி 5: மூன்று அடுக்காக அமையுங்கள்

முதல் அடுக்கு தினசரிப் பேச்சு. மேனேஜர் தன் ஆளிடம் நேரில் சொல்வது, செலவில்லாதது, அதிகம் நடக்க வேண்டியது இதுதான்.

இரண்டாவது, சக ஊழியர்கள் ஒருவரை ஒருவர் குறிப்பிடுவது. ஒரு சின்ன அட்டையோ, அலுவலகச் செய்திக் குழுவில் ஒரு தனிப் பக்கமோ போதும். கம்ப்யூட்டர் முன் உட்காராதவர்கள் இருந்தால் அட்டைதான் சரி. அல்லது அவர்கள் செல்போனிலிருந்து குரல் பதிவாக அனுப்ப வழி செய்யுங்கள். இந்த அடுக்குக்குப் பரிசோ புள்ளியோ வேண்டாம் என்பது என் அனுபவம். புள்ளி வைத்த நாளிலிருந்து "நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடறேன்" என்ற உடன்படிக்கை தொடங்கிவிடும்.

மூன்றாவது, வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை முறையான விருது. இதற்கு மட்டும்தான் குழு, விதி, மேடை எல்லாம். கீழே இரண்டு அடுக்கும் ஓடாமல் இதை மட்டும் நடத்தினால் நான் முதலில் செய்ததையே நீங்களும் செய்வீர்கள்.

மேடையில் ஏற்றும் முன் சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு 200 பேர் முன்னால் நிற்பது தண்டனை. அவர்களுக்கு மேலதிகாரி கையெழுத்திட்ட கடிதமோ, மூத்தவர் ஒருவர் அவர் மேஜைக்கே வந்து 5 நிமிடம் பேசுவதோ போதும்.

படி 6: பணமும் பரிசும்

எவ்வளவு ஒதுக்குவது என்ற கேள்வியைவிட, எப்படிக் கொடுப்பது என்ற கேள்வி பெரியது. 1973ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் செய்த சோதனையில், படம் வரைவதில் ஆசையுள்ள சின்னக் குழந்தைகளில் ஒரு குழுவிடம் வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு பரிசில்லாத சாதாரண நாளில் அந்தக் குழந்தைகள் வரைந்த நேரம் மற்றவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறையப் பாதியாக இருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்ற குழுவிடம் அந்தச் சரிவு இல்லை. வேலை செய்யும் பெரியவர்கள் குழந்தைகள் இல்லை, சம்பளம் வாங்குகிறவர்கள். என்றாலும் 'செய்தால் கிடைக்கும்' என்பதும், 'செய்ததைப் பார்த்தோம், இந்தாருங்கள்' என்பதும் ஒரே பொருளையே வேறாக்கிவிடுகின்றன.

பரிசின் மதிப்பு சிறியதாக இருந்தால் பயனில்லையோ என்று கவலைப்பட வேண்டாம். கோஸ்ஃபெல்ட், நெக்கர்மன் இருவரும் 2011ல் வெளியிட்ட சோதனையில், தற்காலிகமாகத் தரவு உள்ளிடும் வேலைக்கு வந்த மாணவர்களுக்குப் பண மதிப்பே இல்லாத ஒரு பாராட்டு அட்டை மட்டும் விருதாக அறிவிக்கப்பட்டது. வேலையின் அளவு சுமார் 12 சதவீதம் உயர்ந்தது.

பரிசுக் கூப்பன், பணம் ஆகியவற்றைக் கொடுப்பதாக இருந்தால் கணக்குப் பிரிவிடம் முன்பே பேசுங்கள். பல நாடுகளில் அவை சம்பள வருமானமாகக் கருதப்பட்டு வரி பிடிக்கப்படும். கையில் கொடுத்துவிட்டு அடுத்த மாதச் சம்பளத்தில் அதற்காகப் பிடித்தம் காட்டினால் பாராட்டியது முழுக்கப் போச்சு. பலர் விரும்புவது நேரம். அரை நாள் விடுப்பு, விரும்பிய பயிற்சிக்கு அனுமதி, பிடித்த புராஜெக்டில் இடம். கேட்டுப் பாருங்கள், ஆளுக்கு ஆள் மாறும்.

படி 7: தேர்வில் நியாயம் தெரியட்டும்

முறையான விருதுக்கு 5 பேர் கொண்ட குழு போதும். அதில் பாதிக்கு மேல் மேனேஜர் அல்லாதவர்களாக இருக்கட்டும். ஒருவர் தன் பிரிவுப் பரிந்துரை வரும்போது கருத்துச் சொல்லாமல் இருக்க வேண்டும். பரிந்துரை படி 4ல் சொன்ன அந்த மூன்றையும் கொண்டிருக்க வேண்டும். "கடின உழைப்பாளி" என்று மட்டும் எழுதி வந்தால் திருப்பி அனுப்புங்கள். தேர்வானதும், ஏன் என்பதை முழுதாகப் படித்துக் காட்டுங்கள். "அவருக்கு ஏன்?" என்ற கேள்வி காரணம் சொல்லாத இடத்தில்தான் முளைக்கிறது.

சண்டையே வேண்டாம், எல்லோருக்கும் ஒன்று கொடுத்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். 2016ல் வெளியான ஒரு கள ஆய்வில், 8 பேர் கொண்ட குழுக்களில் எல்லோருக்கும் பாராட்டு அட்டை கொடுத்தும் பார்த்தார்கள், சிறப்பாகச் செய்த 3 பேருக்கு மட்டும் கொடுத்தும் பார்த்தார்கள். அதிக முன்னேற்றம் தெரிந்தது 3 பேருக்குக் கொடுத்த குழுக்களில். அதுவும் பெரும்பாலும் அட்டை கிடைக்காதவர்களின் வேலையில். எல்லோருக்கும் கொடுத்தால் அது போனஸ் மாதிரி ஆகிவிடும். போனஸ் வேண்டியதுதான், அதற்கு இந்தப் பெயர் வேண்டாம்.

ஒப்பந்த ஊழியர்கள், பகுதி நேரத்தினர், இரவு ஷிஃப்ட், வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் ஆகியோர் விதிகளில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். எழுதாவிட்டால் விடுபட்டுப் போவார்கள், அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. மேலதிகாரி நடமாடும் நேரத்தில் நடமாடுகிறவர்தான் அவர் கண்ணில் படுவார்.

மற்றவர் செய்ததைத் தன் பெயரில் சொல்லிக்கொள்ளும் ஆள் எங்கும் உண்டு. பரிந்துரை வந்ததும் "இதில் உங்களோடு வேறு யார் இருந்தார்கள்?" என்று குழு கேட்கட்டும். அந்த ஒரு கேள்வி பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். தவறான ஆளுக்குப் போய்விட்டது என்று பின்னால் தெரிந்தால், உண்மையில் செய்தவரிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். எல்லோர் முன்னாலும் கொடுத்ததை எல்லோர் முன்னாலும் திருத்துங்கள்.

படி 8: சிறிதாகத் தொடங்குங்கள்

இரண்டு டீம், 3 மாதம். பெரிய அறிவிப்பு, விழா, லோகோ எதுவும் வேண்டாம். ஒரு டீம் நீங்கள் நம்பும் மேனேஜருடையது, இன்னொன்று சந்தேகத்தோடு பார்க்கும் மேனேஜருடையது. சந்தேகப்படுபவர் சொல்லும் குறைகள்தான் உங்கள் விதிகளைச் செதுக்கும். "எனக்கு யாரும் இப்படிச் சொன்னதில்லை, நான் ஏன் சொல்லணும்" என்று அவர் சொன்னால் கோபப்படாதீர்கள். உண்மையாகத்தான் சொல்கிறார். அவருக்கு மேலே இருப்பவரை முதலில் அவருக்குச் சொல்ல வையுங்கள்.

படி 9: எண்ணிக்கையைப் பார்க்கும் விதம்

மாதத்துக்கு எத்தனை பாராட்டு என்று மேனேஜர்களுக்கு டார்கெட் வைக்காதீர்கள். வைத்தால் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஒரே மாதிரி 12 குறிப்புகள் வரும், பெயர் மட்டும் மாறியிருக்கும்.

ராஜினாமா விகிதம், விடுப்பு, கருத்துக்கணிப்பு ஆகியவற்றை 6 மாதத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் ஆட்கள் வெளியேறுவது குறைந்தால் உங்கள் திட்டத்தால்தான் என்று மார்தட்ட வேண்டாம். வெளிச்சந்தையில் வேலை கிடைக்காமலும் இருக்கலாம். படி 2ல் கேட்ட கேள்விகளை அதே ஆட்களிடம் மறுபடி கேளுங்கள். முன்பு "ஞாபகமில்ல" என்றவர் இப்போது என்ன சொல்கிறார் என்பது எந்த வரைபடத்தையும்விடத் தெளிவாகப் பேசும்.

நான் விடாமல் வைத்திருக்கும் கருவி ஓர் எக்செல் தாள். இடதுபக்கம் எல்லா ஊழியர்களின் பெயரும், அவர்கள் ஷிஃப்டும். வலதுபக்கம், கடைசியாக யாராவது அவர்களைக் குறிப்பிட்டுப் பாராட்டிய தேதியும், எதற்காக என்று ஒரு வரியும். ஒவ்வொரு வியாழக்கிழமையும் திறந்து, தேதி காலியாக இருக்கும் பெயர்களை மட்டும் பார்ப்பேன். முதல் முறை வடிகட்டியபோது காலியாக இருந்தவர்களில் பெரும்பாலோர் இரவு ஷிஃப்டும் ஸ்டோரும். அவர்களுக்காக ஒரு பாராட்டை அவசரமாகத் தயாரிப்பதில்லை, அது பொய்யாகிவிடும். அந்தப் பெயர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் வேலை செய்யும் நேரத்தில், அவர் இடத்துக்கே போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இது எப்படிச் சரியா வருது, கொஞ்சம் காட்டுங்களேன்" என்று கேட்பேன்.